வந்தோமே, டீச்சரம்மா

1

இந்தக் கதைக்குக் காரணம், எங்கள் மெக்லெனிக் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் பதித்திருக்கும் ஒரு கல். பேரரசர் காலத்தில் ஒட்டிலியா ஸாலோக்கர் என்ற ஆசிரியை தோல்பட்டறைப் பெண்களுக்கு இங்கே எழுத்தறிவித்தார் என்கிறது அது. அப்படி எழுத்துக் கற்ற ஒருத்தியைப் பற்றி ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கல்லறைத் திருநாளில் அதன் முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். நானும்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி மூடிய பள்ளத்தாக்கில் ஒரு விளக்கைப் போல அவள்'

வேண்டாம். அவள் விளக்கு இல்லை. சின்ன வயது, எப்போதும் சளி, சொன்னதை விடாத பிடிவாதம்.

2

வந்த முதல் இலையுதிர் காலத்திலேயே ஒட்டிலியா ஊர்த்தலைவர் போத்லோகரிடம் போனாள். சாராய விடுதி நடத்துபவர். ஞாயிறு பூசை முடிந்ததும் பட்டறைப் பெண்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும் என்றாள். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தாள்.

"தாராளமா நடத்துங்க, டீச்சரம்மா," என்றார் அவர். "ஊருக்கு இதைவிட என்ன வேணும்? குளிருக்கு ஒரு வாய் பிளம் சாராயம் குடிச்சிட்டுப் போங்க."

ஞாயிறன்று அடுப்பு மூட்டி, பலகைகளைத் துடைத்து வைத்துக் காத்திருந்தாள். ஒருத்தியும் வரவில்லை.

[இதுவரை எந்த ஊரிலும் நடப்பதுதான்.]

மறுநாள் ஆற்றங்கரையில் தோல் அலசிக்கொண்டிருந்த மார்யேட்டாவைத் தேடிப் போனாள். வகுப்பு வைக்கச் சொல்லித் தானாக வந்து கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"ஏன் வரலே?"

மார்யேட்டா நிமிர்ந்தாள். "வந்தேனே, டீச்சரம்மா. ரெண்டாவது பெஞ்சுல இருந்தேன். முதல் எழுத்து சொல்லிக் குடுத்தீங்க. நல்லா புரிஞ்சுது."

பக்கத்திலிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

3

ஒட்டிலியாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். ஏன் பெட்டியைக் கட்டவில்லை? நானாக இருந்தால்

சரி, அவள் கதைக்கே போவோம். ஞாயிறுதோறும் அடுப்பு மூட்டினாள். திங்கள்தோறும் பெண்கள் நன்றி சொன்னார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் பாராட்டினார். அவள் குடியிருந்த வீட்டுக்காரி நேஜா பாலில் தேன் கலந்து கொண்டுவந்தாள். "தொண்டை கட்டிக்கிச்சே. நேத்து ரொம்பப் பேசிட்டீங்க."

தொண்டை நிஜமாகவே கட்டியிருந்தது.

[இந்த வரியை இரண்டு முறை கோடு போட்டு அடித்தேன். அடித்தால் அவள் பயப்படக் காரணமே இல்லாமல் போகிறது.]

[இன்னொன்று. இப்படி ஒரு கதை எழுதுகிறேன் என்று ரொட்டிக்கடை ஸில்வாவிடம் சொன்னேன். "படிச்சோமே," என்றாள். "முடிவு அருமை." நான் அப்போது இரண்டாம் பகுதியில் இருந்தேன்.]

4

தலைநகர் லூப்லியானாவிலிருந்து பள்ளி ஆய்வாளர் வந்தார். அன்று பெஞ்சு நிறையப் பெண்கள். மார்யேட்டா எழுந்து, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி, வசந்தத்தைப் பற்றி ஒரு பக்கம் தடங்கலில்லாமல் வாசித்தாள்.

"ஐயா, இங்க வகுப்பே நடக்கலை," என்றாள் ஒட்டிலியா. "இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை. புத்தகம் தலைகீழா இருக்கு, பாருங்க."

ஆய்வாளர் பார்த்தார். பார்த்த பிறகும் அவர் முகம் மாறவில்லை. "எவ்வளவு அடக்கம்," என்றார் போத்லோகரிடம்.

"அப்படித்தான் இருந்தாங்க, ஐயா," என்றார் போத்லோகர். "கடைசி வரைக்கும்."

ஒட்டிலியா அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

5

எல்லோரும் விடுதிக்கு விருந்துண்ணப் போனார்கள்.

ஒரு முடிவில் அவளை ரயிலேற்றினேன். அவள் போய்விட்டால் ஊருக்கு இன்னும் வசதி என்று கிழித்துவிட்டேன். இன்னொன்றில் அவள் நம்பத் தொடங்கி, திங்கள்தோறும் நன்றியை வாங்கிக்கொண்டு இங்கேயே கிழவியானாள். நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

மூன்றாவதில் மார்யேட்டா விருந்துக்குப் போகவில்லை. புத்தகத்தை மெல்ல நேராகத் திருப்பினாள். சாயம் ஏறிய விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தாள்.

"இது என்ன எழுத்து, டீச்சரம்மா?"

கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாளா? அவள் முகத்தைப் பார்த்துத்தான் ஒட்டிலியா சொல்லிக்கொடுக்கவோ வெளியேறவோ வேண்டும். அந்த முகத்தை நான் எழுதவில்லை. எத்தனை முறை முயன்றாலும் எனக்குத் தெரிந்த எங்கள் ஊர் முகங்களே வருகின்றன.

நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை. நீங்கள் பாருங்கள்.