சினை மீன் ஏறும் வீடு

மின்சாரக் கம்பெனி அணை கட்டி, ஆற்றை மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் திருப்பிவிட்ட மறு வருடம், சினை மீன்கள் தண்ணீர் இல்லாமலே ஆறு ஏறின. முன்பு எந்த உயரத்தில் தண்ணீர் ஓடியதோ அதே உயரத்தில், காய்ந்த கூழாங்கற்களுக்கு மேலே, வெறுங்காற்றில் வாலை அசைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போயின. ஊர் அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது. அந்த வாரம் கூரைத் தகரம் விலை ஏறியிருந்தது. அதைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

வலைக்காரிக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம் வந்தது. மின் நிலையத்துக்குக் கீழே, சுரங்கத் தண்ணீர் மறுபடி ஆற்றில் விழும் இடத்தில்தான் அவள் வலை வீசிப் பிழைத்தாள். அணைக்கு மேலே ஓடைச் சரளையில் முட்டையிட்டால்தான் கீழே குஞ்சு உண்டு. மீன் ஏறாமல் போனால் வலையில் வெறும் பாசிதான் மிஞ்சும். அவள் கணவரோ அணையின் மதகுக்காரர். ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கை. எப்போது என்று சொல்வது கம்பெனியின் வாய். மீன் காசும் கம்பெனிச் சம்பளமும் ஒரே அடுப்பை எரித்த குடும்பம் அது.

ஆற்றுக்கென்று ஒரு பங்குத் தண்ணீரை எந்நாளும் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். சோதனைக்கு அதிகாரிகள் கிளம்பியதும் போன் வரும். மதகுக்காரர் ஷட்டரைத் தூக்குவார். அதிகாரிகள் பாலத்தில் நின்று ஓடும் ஆற்றைப் பார்த்து, டீ குடித்து, திருப்தியாகத் திரும்புவார்கள். ஜீப் வளைவு தாண்டியதும் ஷட்டர் இறங்கும். வெட்கம் என்பது கம்பெனியில் ஒருவருக்கும் பழக்கமில்லை. மீன் ஏறுவதற்குப் படிகூடக் கட்டினார்கள். பாதுகாப்பு விதிப்படி அதற்கு இருபுறமும் கைப்பிடி, படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட், சறுக்காத ஓடு. தண்ணீர் விடத்தான் மறந்துபோனார்கள். திறப்பு விழாவில் வலைக்காரி பொறியாளரிடம் கேட்டே விட்டாள்: “கைப்பிடி வச்சிருக்கீங்களே சார், மீனுக்குக் கை எங்க இருக்கு?” பொறியாளர் கேட்காதவர்போல் மாலையைச் சரிசெய்துகொண்டார். அந்தப் படிக்கு விருதும் கிடைத்தது.

மீன்கள் படியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அணைச்சுவரில் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, சுவரை ஒட்டியிருந்த மதகுக்காரர் குடியிருப்பின் பக்கம் ஏறின. வீட்டு வாசல் ஆற்றைப் பார்த்திருந்தது, சமையலறை ஜன்னல் நீர்த்தேக்கத்தைப் பார்த்திருந்தது. வாசலில் நுழைந்து, நாற்காலிகளுக்கு மேலே கூடத்தைக் கடந்து, அடுப்புக்கு ஒதுங்கி, ஜன்னல் வழியே தேக்கத்தில் பாய்ந்தன. வலைக்காரி ஜன்னல் கம்பிகளை அறுத்துக் கொடுத்தாள். வலையைச் சுருட்டிப் பரணில் போட்டாள். சினை மீனைப் பிடிக்கிறவள் விதைநெல்லைக் குத்தித் தின்கிறவள் என்பது அவள் கட்சி.

சோதனை நாளில்தான் வினை வந்தது. மீன்கள் ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது, ஷட்டர் தூக்கப்பட்டது, நிஜத் தண்ணீர் ஓடியது. பாவப்பட்ட ஜென்மங்கள் அதை நம்பிவிட்டன. காற்றை விட்டுத் தண்ணீரில் இறங்கின. அதிகாரிகள் பாலத்திலிருந்து கைதட்டினார்கள். டீ முடிந்தது, ஜீப் போனது, ஷட்டர் இறங்கியது. வயிறு முட்ட முட்டையோடு அத்தனையும் கல்லில் கிடந்து துடித்தன. தண்ணீரைத் தொட்டவை மறுபடி காற்றில் எழும்பவில்லை. வலைக்காரி வாளிகளோடு ஓடினாள். தேக்கத்துக்கு ஏறி இறங்கிச் சுமந்ததில் பிழைத்தவை கொஞ்சம். மற்றவை நாறின. நாற்றம் கம்பெனி அலுவலகம் வரைக்கும் போனது. அங்கே ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தவள் வாளியை விட்டெறிந்தாள். “கரண்டு வேணாம்னு நான் என்னைக்காவது சொன்னேனா? எனக்கும்தான் லைட்டு வேணும். ஆத்தோட பங்கை ஆத்துக்கு விட என்ன கேடு? விடாட்டிப் போங்க, விடுற மாதிரி நடிக்காதீங்க!”

“நான் என்ன பண்ண? போன்ல சொல்றாங்க, செய்யறேன்.”

“சொல்றது அவங்க வாய். கை யாரோடதுங்க?”

அன்று மதகுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சினைக்காலத்தில், விருது வாங்கிய படியைப் பார்க்க வெளியூர்க் குழு ஒன்று வருவதாயிற்று. மீன் வீட்டு வழியே ஏறுவது தெரிந்தால் கம்பெனியின் மானம் கப்பலேறிவிடும். பொறியாளரே போனில் வந்தார். அவர் போட்ட சத்தம் கூடத்தில் நின்ற வலைக்காரிக்கும் கேட்டது. “மீன் படியிலதான்யா ஏறணும், உன் வீட்டுல ஏறக் கூடாது. வாசலையும் ஜன்னலையும் சாத்து. சாத்திட்டுப் போய் ஷட்டரைத் தூக்கு. இல்லேன்னா குவார்ட்டர்ஸும் கிடையாது, வேலையும் கிடையாது.”

முதல் மீன்கள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தன. மதகுக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவற்றைப் பார்த்தார்.

“தூக்குறேன் சார்,” என்றார் அவர். “ஆனா தூக்குனா இறக்க மாட்டேன். சரின்னா சொல்லுங்க.”

மறுமுனை சரி என்று சொல்லவில்லை. அவர் போனை வைத்துவிட்டு, வாசற்கதவின் கீலைக் கழற்றி, கதவைத் தலையில் சுமந்துபோய் நீர்த்தேக்கத்தில் தள்ளினார். குழு வந்து வறண்ட ஆற்றைப் பார்த்தது, காற்றில் போகும் மீனைப் பார்த்தது, படியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தது. அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. விருது போகவில்லை.

இப்போது இருவரும் மின் நிலையத்துக்குக் கீழே வாடகை அறையில் இருக்கிறார்கள். அவர் வலை இழுக்கக் கற்றுக்கொண்டார்; வலை கனக்கிறது. மேலே புது மதகுக்காரர் வந்தார். கம்பெனி புதுக் கதவு அனுப்பியது. முதல் சினைக்காலத்தைப் பார்த்துவிட்டு, புது மதகுக்காரரின் மனைவி அதைச் செங்கல் மேல் போட்டுக் கட்டிலாக்கிக்கொண்டாள். ஷட்டர் இன்னமும் டீ குடிக்கும் நேரத்துக்குத்தான் ஏறுகிறது. அந்த நாட்களில் அவளும் வலைக்காரியும் சேர்ந்து வாளி சுமக்கிறார்கள். மற்ற நாட்களில் மேலே புது மதகுக்காரர் மனைவியின் கூடம் நிறைய மீன் போகும். விருந்தாளி யாராவது வந்தால், “கொஞ்சம் குனிஞ்சு வாங்க, போய்க்கிட்டிருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போகிறாள்.