லாஹேவ் நாயின் முதல் வரி

லாஹேவ் நாய்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அந்த அக்டோபரிலும் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்தான் நடந்தது. பதினொரு பேர், ஆறு நாய்கள், பெரிய பானையில் தேநீர், பேரீச்சம்பழக் கேக். எடுத்துக்கொண்ட விஷயம் ஒரே ஒரு சொல். அதற்கே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. மனிதருக்குச் சட்டம் எழுதுகிறவர்கள்கூட இத்தனை சூடாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

லாஹேவ் என்பது பெரிய உடம்புள்ள ஒரு நாயினம். அது எப்படி இருக்க வேண்டும் என்று சங்கம் விதிகள் அச்சிட்டு வைத்திருக்கிறது. கண்காட்சியில் நடுவர்கள் அதை வைத்துத்தான் பரிசு கொடுப்பார்கள். முதல் வரி, ‘இம்போசிங்கான நாய்’ என்று தொடங்கும். அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘ஸ்டேட்லி’ என்று போட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவள் வெல்மா கார்க்கம். முப்பது வருடமாக இந்த நாய்களை வளர்த்து, குட்டிகளை விற்றுப் பிழைப்பவள்.

“ரெண்டும் ஒண்ணுதானே? பெரிய மனுஷத் தோரணை. அதுக்குப் போய் புஸ்தகத்தத் திரும்ப அச்சடிக்கணுமா?” என்றான் தபால்காரன் மர்ரி ஹிமல்மன்.

“ஒண்ணு இல்ல மர்ரி. இம்போசிங்னா பாக்கறவன் மலைச்சு நிக்கணும். அது நாய்கிட்ட இல்ல, அவன் கண்ணுல இருக்கு. அவன மலைக்க வைக்க ஒரே வழி சைஸுதான். ஸ்டேட்லிங்கறது நடையில இருக்கு. யாரும் பாக்காதப்பவும் இருக்கும்.”

“அப்ப மெஜஸ்டிக்னு போட்ருங்களேன், கேக்க நல்லாருக்கு,” என்றாள் ஐலா.

“அது மலைக்கும் சிங்கத்துக்கும் சொல்றது. உன் நாய் நேத்து உன் காலுறையத் தின்னுச்சே, ஐலா!”

“நோபிள்?”

“அது குணம். குணத்த எந்த நடுவர் அளந்து பாத்தாரு? என் வீட்டுக்காரருக்கும் இருக்குன்னுதான் கல்யாணத்தன்னைக்குச் சொன்னாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஏர்ல் ஸ்விக்கர் மட்டும் சிரிக்கவில்லை. படகு கட்டுகிறவன், சங்கத்தின் செயலாளர், விதிப் புத்தகம் அவன் மடியில் இருந்தது. அவனுடைய நாய் ரூபர்ட் அவன் பூட்ஸ் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

“ஒண்ணு கேக்கறேன் வெல்மா. உன் நாய் அட்மிரல் ஹாலிஃபாக்ஸ் கண்காட்சியில கோப்பை வாங்கினது எந்தச் சொல்லால? நூத்தி எழுபது பவுண்டு எடை. நடுவர் வாயப் பொளந்துட்டு நின்னாரு. அந்தக் கோப்பையக் காட்டி நாலு வருஷம் குட்டி வித்தே. இப்ப நாங்க ஏறப்போற நேரத்துல ஏணிய எடுக்கறியா?”

நியாயமான கேள்வி. அதுதான் சங்கடம்.

அட்மிரல் கேப் பிரெட்டனில் தங்கை வீட்டில் ஓய்வாக இருக்கிறது என்று வெல்மா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவள் நூற்று எழுபது பவுண்டு நாயையே மறைத்திருந்தாள். அந்த அறையில் இருந்த ஆறு நாய்களில் ஐந்து அட்மிரலின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்; ரூபர்ட் அதன் மகன். உண்மையைச் சொன்னால் அவளிடம் இனி யாரும் குட்டி வாங்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் தீர்மானம் தோற்கும், அடுத்த வருடக் குட்டிகள் இன்னும் பெரிதாகப் பிறக்கும். நுணல் தன் வாயால் கெடும் என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

“அட்மிரல் கேப் பிரெட்டன்ல இல்ல. மார்ச்சுல செத்துட்டான். தண்ணி குடிக்கப் போனவன் பாத்திரத்துப் பக்கத்துலயே விழுந்தான். டாக்டர் அறுத்துப் பாத்தாரு. அந்த ஒடம்பத் தாங்கற அளவுக்கு இதயம் இல்லன்னாரு. ஆறு வயசுதான்.”

வெல்மாவுக்கு முகம் எரிந்தது. வெட்கத்தால் செத்துப்போகலாம் என்றிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“அவன் அம்மா பெர்ல் பதிமூணு வயசு வரைக்கும் இருந்தா. நூத்திப் பத்து பவுண்டு. ஒரு பரிசு வாங்கினதில்ல, போதுமான இம்போசிங் இல்லன்னு நடுவருங்க ஒதுக்கிட்டாங்க. ஆனா அவ இந்தக் கூடத்துல நடந்து வந்தா நீங்க பேச்ச நிறுத்திட்டுப் பாப்பீங்க. அவசரமே படமாட்டா. யார்கிட்டயும் எதையும் காட்டணும்னு இல்ல அவளுக்கு. அத எழுதுங்கன்னுதான் கேக்கறேன்.”

ஏர்ல் பேனாவைக் கீழே வைத்தான். “மார்ச்சுலயா? ஜூன்ல ரூபர்ட்ட உன் வீட்டுக்கு ஜோடி சேக்கக் கூட்டிட்டு வந்தேன். தேநீர் குடுத்தே. அட்மிரல் எப்படி இருக்கான்னு கேட்டேன்.”

“கேட்டே.”

“நல்லா இருக்கான்னு சொன்னியே.”

“பயமா இருந்துச்சு ஏர்ல். நான் வேற என்ன தொழில் பண்ணுவேன்?”

ஏர்ல் பேனாவை மறுபடி எடுத்தான். வாக்கெடுப்பு என்று மட்டும் சொன்னான். மர்ரி முதலில் கையைத் தூக்கினான், பிறகு ஐலா, பிறகு ஒவ்வொருவராக. யாரும் வெல்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக ஏர்லின் கை மேலே போனது. பழைய சொல்லை அடித்துவிட்டு, புதியதை அதன் தலைக்கு மேல் எழுதினான். அவன் கையெழுத்து எப்போதும்போல் நேராகத்தான் இருந்தது.

புத்தகத்தை மூடினான்.

“ரூபர்ட்டுக்கு நாலு வயசு, வெல்மா.”

“தெரியும்.”

ஏர்ல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். மேசையைப் பிடித்துக்கொண்டு சிமென்ட் தரையில் மெதுவாக மண்டியிட்டு, குனிந்து, ரூபர்ட்டின் மார்பில் காதை வைத்தான். ரூபர்ட் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டது. அதன் வால் நாற்காலிக் காலில் டக் டக்கென்று அடித்ததில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“கொஞ்ச நேரம் சும்மா இருடா,” என்றான் ஏர்ல். “சும்மா இருடா, கண்ணா.”