ரெண்டு கேபி

அந்த அலுவலகத்தில் அவர்கள் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகு காலம் ஆகிவிட்டது. இருவரும் சகலைகள். அக்காளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, தங்கையைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. மாமனார் வாயில் தொடங்கியது அலுவலகம் வரை வந்து ஒட்டிக்கொண்டது. இயக்குநர் அம்மாளே கோபம் வந்தால் "பெரிய மாப்ளையைக் கூப்பிடு" என்றுதான் கத்துவார். சின்ன மாப்பிள்ளையை அவர் கத்திக் கூப்பிட்டதே இல்லை என்பதைப் பெரிய மாப்பிள்ளை கவனித்து வைத்திருந்தார்.

வேலை என்னவென்றால், செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் படங்களை மனிதர் கண்ணுக்குப் புரிகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது. வரும்போது அந்தப் படம் பார்க்கச் சகிக்காது. மங்கலாக, ஓரமெல்லாம் கறுப்பாக, நடுவில் மேகம் அப்பிக்கொண்டு கிடக்கும். பெரிய மாப்பிள்ளை மேகத்தை எடுத்து, நிறத்தைச் சரிசெய்து, ஓரத்தை வெட்டி, படத்தின் எந்த மூலை பூமியில் எந்த இடம் என்று பொருத்தி வைப்பார். நாலு நாள் ஆகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். சின்ன மாப்பிள்ளை அதை வாங்கி, கணினியில் சுழலும் பூமி உருண்டையில் திறக்கிற மாதிரி ஒரு ஃபைலாக ஏற்றுமதி செய்வார். கால் மணி நேர வேலை. அப்புறம் அறையை இருட்டாக்கி, எல்லாரையும் உட்காரவைத்து, உருண்டையைச் சுழற்றிவிட்டு, வானத்திலிருந்து விழுகிற மாதிரி சர்ரென்று இறங்கி ஏதாவது ஒரு ஏரியின் மேல் கொண்டுபோய் நிறுத்துவார். "ஆ!" என்று எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். கைதட்டல் யாருக்கு? கேட்கவே வேண்டாம்.

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது. வேலை இல்லாமல் திரிந்த ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இங்கே உட்காரவைத்ததே அவர்தான். இவருக்குப் பதினொரு வருஷ சர்வீஸ், அவருக்கு நாலு. இப்போது பிரிவுத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி இந்த இருவரில் ஒருவருக்குத்தான். வியாழக்கிழமை குடிநீர் வாரிய அதிகாரிகளுக்கு அவர்களுடைய ஏரியின் படத்தைக் காட்டி முடித்ததும் யாரென்று சொல்கிறேன் என்று இயக்குநர் அம்மாள் அறிவித்துவிட்டார். அது சின்னவருக்குப் போய்விட்டால் வீட்டில் தலைகாட்ட முடியாது. மாமனார் ஏற்கெனவே வாரம் தவறாமல் போனில் கூப்பிட்டு உயிரை வாங்குகிறார்.

"மாப்ளே, சின்னவர் நேத்து வந்து நம்ம வீட்டு மாடியையே உருண்டைல காட்டினார். தண்ணித் தொட்டி தெரியுது! நீங்க ஏன் அதெல்லாம் கத்துக்கல?"

"அந்தப் படத்தைச் சரி பண்ணதே நான்தான் மாமா."

"சரி பண்றது யாரு வேணா பண்ணலாம் மாப்ளே. காட்டத் தெரியணும்ல?"

போனை வைத்துவிட்டு மனைவியிடம் பொருமினார். அவளாவது தன் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், "தங்கச்சி வீட்டுக்காரர் சிரிச்ச முகம். நீங்க எந்நேரமும் உர்ருனு இருந்தா யாருக்குங்க பிடிக்கும்?" என்றாள்.

புதன்கிழமை நாலு மணிக்கு சின்ன மாப்பிள்ளையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'நாளைக்கு வாரியத்துல காட்டப் போறது இதுதான். ஒரு தடவை பாத்துடுங்க சகல.' கூடவே ஃபைல். அதன் அளவைப் பார்த்ததும் பெரிய மாப்பிள்ளையின் கை மௌஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு கேபி.

ஏரிப் படம் நாற்பது எம்பி, அதாவது நாற்பதாயிரம் கேபி. நசுக்கினாலும் பிழிந்தாலும் அதை இரண்டு கேபிக்குள் அடைக்க முடியாது. ஏற்றுமதி செய்யும்போது படத்தையும் சேர்த்துக் கட்டு என்று ஒரு இடத்தில் டிக் போட வேண்டும். மறந்தால் ஃபைலுக்குள் படம் போகாது; படம் எந்தக் கணினியில் எங்கே இருக்கிறது என்கிற விலாசம் மட்டும் போகும். வீட்டின் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டையே கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வது போல. சின்ன மாப்பிள்ளையின் கணினியில் அது ஜோராகத் திறக்கும், படம்தான் அங்கேயே இருக்கிறதே! இதுவரை எல்லாக் காட்சியும் அந்தக் கணினியில்தான் நடந்தது. நாளைக்கோ வாரியத்தின் கட்டடத்தில், அவர்கள் கணினியில். உருண்டை சுழலும், சர்ரென்று இறங்கும், ஏரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டமும் சிவப்புப் பெருக்கல் குறியும் நிற்கும்.

எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சின்ன மாப்பிள்ளை நாலு மேசை தள்ளி உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். பெரிய மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. 'பார்த்தேன்' என்று மட்டும் பதில் போட்டார். பார்த்தது நிஜம்தானே, இதில் என்ன பொய் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். பிறகு ஐந்தே முக்காலுக்குள் அதே படத்தைத் தானே ஒழுங்காகக் கட்டி, 'சரியானது' என்று பெயர் வைத்து, பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை எல்லாம் அவர் எதிர்பார்த்தபடியே நடந்தது. பத்து அதிகாரிகள், பெரிய திரை, உருண்டை, சர்ர், சிவப்புப் பெருக்கல் குறி. சின்ன மாப்பிள்ளை மூடித் திறந்தார், மறுபடி மூடித் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு அதிகாரி கொட்டாவி விட்டார். இயக்குநர் அம்மாள் பேனாவால் மேசையைத் தட்ட ஆரம்பித்தார். பெரிய மாப்பிள்ளை உடனே எழுந்துவிடவில்லை. இரண்டு நிமிஷம் நன்றாக வேடிக்கை பார்த்தார். இனித்தது, மறைப்பானேன்?

"என்கிட்ட ஒண்ணு இருக்கு மேடம்" என்று பிறகு மெதுவாக எழுந்து போய்ப் பென் டிரைவைச் செருகினார்.

உருண்டை சுழன்றது, இறங்கியது. மூன்று வருஷத்தில் சுருங்கிப்போன ஏரி, நீலமும் பழுப்புமாக, கரைமேல் கரை பொருந்தி உட்கார்ந்தது. "ஆ!" என்றார்கள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த 'ஆ' அவருக்கு. தலைகால் புரியவில்லை. அதிகாரிகள் கைகுலுக்கி, படத்தின் பிரதி கேட்டு, திருப்தியாகக் கிளம்பிப் போனார்கள்.

அறையில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். உருண்டையை மூடியாயிற்று. திரையில் பென் டிரைவின் பட்டியல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதில் ஒரே ஒரு ஃபைல். இயக்குநர் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சரியானது. நேத்து தேதி. அஞ்சு நாப்பத்திரண்டு." அவர் திரும்பினார். "அப்ப அந்த ஃபைல் திறக்காதுன்னு உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

இத்தனை யோசித்த பெரிய மாப்பிள்ளை இதை யோசிக்கவில்லை. தெரியும் என்றால் நாற்காலி மட்டுமா போகும்? இருக்கிற மானமும் சேர்ந்து போகும்.

"நான்தான் மேடம் செஞ்சு வெக்கச் சொன்னேன்." சின்ன மாப்பிள்ளையின் குரல். "வேற எடத்துல காட்டப் போறோம், எதுக்கும் இன்னொண்ணு தனியா கையில இருக்கட்டும்னு. சகல செஞ்சு குடுத்தார்."

"அப்படியா?" என்று இயக்குநர் அம்மாள் பெரியவரைப் பார்த்தார்.

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது: உண்மையைச் சொல்வது.

"ஆமா மேடம்" என்றார் பெரிய மாப்பிள்ளை.

இயக்குநர் அம்மாளின் முகம் மலர்ந்தது. "தப்பு யாருக்கும் வரும். ஆனா தப்பு வரும்னு முன்னாடியே யோசிச்சு ஏற்பாடு பண்றவர்தான் ஒரு பிரிவை நடத்த முடியும். எனக்கு இனிமே சந்தேகமே இல்ல." அவர் கைகொடுத்தது சின்ன மாப்பிள்ளைக்கு. "உங்க உதவிக்கும் நன்றி" என்று பெரியவருக்கும் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்.

படியிறங்கும்போது பெரிய மாப்பிள்ளை நின்றார். "ஏன் சகல அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க? தெரிஞ்சும் நீங்க வாயைத் திறக்கலன்னா?"

"திட்டுங்க. நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுடுங்க."

"கோவம் இருக்கு, இல்லாம இருக்குமா? ஆனா எனக்கும் அந்த நாற்காலி மேல ஆசைதான் சகல. உங்க ஃபைல் இப்படி வந்து, அதை நான் பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு உள்ள நின்னு யோசிச்சேன்."

"என்ன பண்ணியிருப்பீங்க?"

"உங்ககிட்ட வந்து சொல்லியிருப்பேன்" என்றார் சின்ன மாப்பிள்ளை, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

பெரிய மாப்பிள்ளை அந்த முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிறான், இவனும் நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எவ்வளவோ முயன்றும் நினைக்க முடியவில்லை. நாற்காலி போனதுகூட அந்த நிமிஷம் உறைக்கவில்லை. இப்படியொரு மனசு தனக்கில்லாமல் இவனுக்கு வாய்த்திருக்கிறதே என்றுதான் உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. வாழ்த்துச் சொல்ல வேண்டுமே என்று கையை நீட்டினார். சின்ன மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.