சுற்றிப் போட்ட புகை

இன்திஸாரின் கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்துபோனது. அவள் வரைந்துகொண்டிருந்த வீட்டுப் படத்தில் மாடிப்படி பாதியில் நின்றது. பிற்பகல் அஸர் தொழுகைக்குள் படம் எஞ்சினியருக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. வேலை போனால், இறந்துபோன கணவனின் தம்பி ஜப்பார் அவளையும் மாமியாரையும் ஹில்லா நகரத்திலிருக்கும் தன் வீட்டு மூலையறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அவன் மனைவிக்குப் பாத்திரம் தேய்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எல்லாரும் கரண்ட்டைத்தான் திட்டினார்கள். பாக்தாத்தில் பால் திரிந்தால்கூடக் கரண்ட்டைத்தான் திட்டுவார்கள். அரசாங்கக் கரண்ட் போய்த் தெரு ஜெனரேட்டர் வருகிற குலுக்கலில் கம்ப்யூட்டர் பெட்டி அடிவாங்குகிறது என்று கடைக்காரன் முதலில் ஸ்டெபிலைசர் கொடுத்தான், பிறகு பேட்டரி கொடுத்தான். பெட்டி இரண்டையும் மதிக்கவில்லை. காலையில் வந்த ஜப்பார், கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "கரண்ட்டோட மல்லுக்கட்ட முடியுமா மதனி? சாயங்காலம் வர்றேன், சாமானைக் கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கட்டி வைப்பதாவது! இன்திஸார் நிமிர்ந்து பார்த்தாள். விளக்கு சிமிட்டக்கூட இல்லாமல் எரிந்தது. கரண்ட்தான் இருக்கிறதே, பிறகு பெட்டி ஏன் அணைந்தது? பெட்டியின் மேல் கை வைத்தாள், சுட்டது. அடப்பாவிகளா, ஒருத்தனாவது உள்ளே பார்த்தானா? ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினாள்.

காற்றாடியிலும், அதன் அடியிலிருந்த சூடு தணிக்கும் தகடுகளிலும் தூசி கறுப்புப் பிசினாக அப்பிக் கிடந்தது. தொட்டு முகர்ந்தாள். ஹர்மல். கண்ணேறு கழிய மாமியார் நெருப்பில் போடும் அதே விதை.

மாமியார் ஸப்ரியா புகைச் சட்டியும் கையுமாக அறை வாசலில் நின்றாள். பெட்டி அணைந்து மீண்டும் ஓடத் தொடங்கும்போதெல்லாம், மருமகள் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து, அதற்குப் புகை காட்டியிருக்கிறாள். காற்றாடி அத்தனையையும் உள்ளே இழுத்திருக்கிறது. பெட்டி இன்னும் அடிக்கடி அணைந்தது, அவளும் இன்னும் அதிகமாகப் புகை போட்டாள்.

இன்திஸாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாமி, இது மூச்சுமுட்டித்தான் சாகுது. எல்லாம் உங்க புகை."

ஸப்ரியாவின் முகம் தொங்கிப்போனது. "ஜப்பார் கண்ணுதான்னு நெனச்சேன்டி. இந்த வீட்டை விட்டுட்டு அங்க போய் இருக்க எனக்கு மட்டும் ஆசையா?"

அதற்குமேல் எங்கே கோபப்படுவது? இருவரும் தரையில் உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாகப் பிசினைத் தேய்த்து எடுத்தார்கள். காற்றாடி லேசாகச் சுழன்றது. பெட்டி அணையவில்லை. மாடிப்படி மேலே போய் முடிந்தது. அஸர் பாங்கு கேட்டபோது படம் எஞ்சினியரிடம் இருந்தது.

சாயங்காலம் ஜப்பார் வந்து, சாமான் எங்கே என்று கேட்டான். மதனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த வீட்டுக்கு ஜன்னல் வரைந்துகொண்டிருந்தாள். உம்மா ஸப்ரியாதான் புகைச் சட்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"கரண்ட்டெல்லாம் ஒழுங்காத்தான்டா இருக்கு. தலையைக் குனி."

சின்ன வயதுப் பழக்கம், குனிந்துவிட்டான். அவன் இருமி இருமிக் கண் கலங்கும்வரை அவள் நிதானமாகப் புகையைச் சுற்றினாள். பிறகு கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"கண்ணு கழிஞ்சிருச்சு. கெளம்பு, இருட்டுறதுக்குள்ள ஹில்லா போய்ச் சேரு."