சுபோதினி சபைக்குப் போன ஐந்து மாதம்

வணக்கம். எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? இந்த மழைக்கு வெள்ளவத்தையில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடக்கிறார், உங்கள் பக்கம் எப்படியோ தெரியாது. என் முழங்கால் கதையைத் தொடங்கினால் இன்று முழுக்க எழுதலாம். அதை விடுங்கள். நான் எழுத வந்தது எங்கள் மேல் வீட்டுச் சுபோதினியைப் பற்றி.

நாற்பத்திரண்டு வயது. பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூஷன் கொடுக்கிறவள். மழை பெய்தால் எங்கள் ஒழுங்கை வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அதற்காக மாநகர சபைக்கு அலைந்து அலைந்து, அங்கே வாசல் காவலாளிக்குக்கூட அவளைத் தெரியும். எங்களுக்காகக் கேட்க உள்ளே ஒரு ஆள் இல்லையே என்பதுதான் அவளுடைய ஒரே குறை.

அப்படியிருக்க, தேர்தல் வந்தது. உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம். கட்சி அமைப்பாளர் நாகேந்திரம் பெண் தேடி வந்தார். மேலே ரியூஷன் பிள்ளைகள் நிறைந்திருந்ததால் என் வீட்டில்தான் உட்கார்ந்தார்.

"உலகத்துக்கே முதல் பெண் பிரதமரைக் குடுத்த நாடு இது, தங்கச்சி. நீங்கள் ஒரு சபைக்குப் போகப் பயப்படலாமோ?"

மேலதிகப் பட்டியலில் பெயர் போடுவார்களாம், கட்சி எடுக்கிற மொத்த வாக்குக்கு அதிலிருந்து ஆசனம் வருமாம், வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்கத் தேவையில்லையாம். படிவங்களை விரித்தார், எல்லாம் சிங்களம். சுபோதினி சிங்களத்தில் கடைக்காரரோடு சண்டையே போடுவாள், ஆனால் எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கு பஸ் பலகை பார்த்துப் பார்த்துப் பிடிபட்ட எழுத்து. கடைசித் தாளைத் தூக்கி என்னிடம் தந்தாள்.

"அன்ரி, இதில என்ன கிடக்கு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் சொல்லை எழுத்துக் கூட்டினேன். 'இல்லா'. சிங்களத்தில் 'இல்லனவா' என்றால் கேட்பது. விண்ணப்பத்தையும் 'இல்லும் பத்ர' என்றுதானே சொல்கிறார்கள். ஆசனம் கேட்கிற கடிதம் பிள்ளை, கையெழுத்தை வை என்று சொல்லிவிட்டேன். அவளும் வைத்தாள். அடுத்த சொல்லை நான் பார்க்கவே இல்லை. தேதி போடுகிற இடம் வெறுமையாக இருந்தது, கட்சிக்காரர் நிரப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டோம். நாகேந்திரம் தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

ஆசனம் கிடைத்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்து சபைக்குப் போன முதல் பெண். அவள் புருஷன் ஜனா, "கௌரவ உறுப்பினர் அவர்களே, சோத்துக்குக் கறி ஏதும் பிரேரிச்சிருக்கோ?" என்று பகிடி பண்ணுவான். அவளும் சிரிப்பாள். அந்த நாட்களில் நன்றாகச் சிரித்தாள்.

வாய்க்காலை மூடிப் பத்து மாடி பிளட்ஸ் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுகிறவர் கட்சிக்கு வேண்டியவர். இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று சபையில் எழும்பிக் கேட்டாள். நாகேந்திரம் மூன்று தரம் போன் எடுத்து, விடச் சொன்னார். அவள் அடுத்த கூட்டத்துக்குப் போட்டோக்களோடு போய்த் திரும்பவும் கேட்டாள்.

ஐந்தாம் மாதம் கூட்டத்துக்குப் போனவளை வாசலில் ஒரு கிளார்க் மறித்து, மிக மரியாதையாக, "மிஸ் அஸ்வெலா நே?" என்றாராம். மிஸ் விலகிவிட்டீர்கள்தானே என்று. அரசாங்க வர்த்தமானி அறிவித்தலைக் காட்டி, அவள் கையெழுத்து வைத்த கடிதத்தின் கலர் பிரதி ஒன்றும் கொடுத்தாராம். அவளுடைய இடத்தில் நாகேந்திரத்தின் மனைவியின் தங்கை பெயர் இருந்தது.

அடுத்த நாள் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்கு, ஸாலிஹ் என்ற வழக்கறிஞரிடம் போனோம். நானும் கூடப் போனேன். அவர் அந்தப் பிரதியை எடுத்து, நான் அன்று பாதியில் விட்டதை முழுதாக வாசித்தார். "இல்லா அஸ்வீம."

கேட்டு விலகுவது, அதாவது ராஜினாமா என்று விளக்கினார். கையெழுத்து கறுப்பு மையில் இருந்தது, தேதி நீல மையில். அதையும் கவனித்தார்.

"இது ஒங்கட ஸைன் தானே?"

"ஓம்."

வழக்குப் போடலாம், ஆனால் அது முடிய முதல் சபையின் காலமே முடிந்துவிடும் என்றார். "நீங்க ஏமாந்தீங்கண்டு நான் நம்புறன், மிஸ். நான் நம்பி என்ன செய்ய?"

திரும்பி வரும்போது ஓட்டோவில் அவளிடம் சொன்னேன், நான் ஒழுங்காக வாசித்திருந்தால் உனக்கு இது வந்திராது என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"நீங்கள் சரியா வாசிச்சிருந்தாலும் நான் கையெழுத்து வைச்சிருப்பன், அன்ரி. லிஸ்ட்டில இருந்த மற்ற ஆறு பொம்பிளையளுக்கும் நேற்று போன் பண்ணினனான். எல்லாரும் வைச்சவை. ரெண்டு பேர் என்னெண்டு தெரிஞ்சே வைச்சவை. வைக்காட்டி லிஸ்ட்டில பேர் வராது."



பிளட்ஸ் இப்போது ஏழாம் மாடியில் நிற்கிறது. போன கிழமையும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. சனம் பழக்கத்தில் அவளிடம்தான் ஓடி வருகிறது. அவள் புது உறுப்பினரின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கப் போய்விடுகிறாள். அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை.

உங்கள் பக்கத்திலும் பெண் ஒருத்தியைச் சபைக்கு அனுப்பினார்களா? அனுப்ப முதல் எதில் கையெழுத்து வாங்கினார்கள்? தெரிந்தால் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.