அடுப்பில் வேகுவது

ஐடெல்லா ரெக்கார்டு ஊசியைத் தூக்கி மறுபடியும் முதல் வரியில் வைத்தாள். கட்டிலில் கிடந்த லான்ஸோ கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். பேசாதே என்று அர்த்தம்.

முதலில் எண்ணெய்ச் சட்டியில் மீன் பொரிவது போல ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து லெமுவல் பேட்ஸ், செத்து ஐம்பது வருஷமான பாடகன், மூக்கால் இழுத்துப் பாடினான். அடுப்பு மேல சோ... ம் வேகுது, வீட்டுல யாருமில்ல.

"சோளம்," என்றாள் ஐடெல்லா.

"சோகம்," என்றார் லான்ஸோ. குரல் போய் மூச்சு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்த மூச்சையும் இதற்குத்தான் செலவழித்தார்.

காலையில் வந்த நர்ஸ் ஐடெல்லாவை வாசலுக்குக் கூப்பிட்டு, "இன்னிக்குத் தாண்டாதும்மா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் பிள்ளைகளைக் கேட்கவில்லை, போதகரைக் கேட்கவில்லை. இந்த ரெக்கார்டைத்தான் கேட்டார்.

"சோகத்தை எவனாவது அடுப்புல வைப்பானா? சோளத்தை வெச்சிருக்கான், பொண்டாட்டி ஓடிட்டா, அது அடிபிடிக்குது. எனக்கு அந்த வாடையே வருது."

"அது சமையல் குறிப்பு இல்ல ஐடெல்லா. ப்ளூஸ்."

ப்ளூஸ் என்கிற அந்தக் கறுப்பர்களின் சோகப் பாட்டு பிறந்த டெல்டா முழுக்க லான்ஸோவை மறுத்துப் பேச ஆள் கிடையாது. ஐம்பது வருஷம் கிட்டார் வாசித்தவர் என்பதைவிடப் பழைய ரெக்கார்டுகளை அறிந்தவர் என்றுதான் அவருக்குப் பேர். பாட்டு தொடங்குவதற்கு முன் வரும் இரைச்சலைக் கேட்டே எந்த வருஷம், எந்த ஊர் ஹோட்டல் அறை, சுவரில் போர்வை தொங்கவிட்டுப் பதிந்தார்களா இல்லையா என்று சொல்லிவிடுவார். பாடகனின் கால் தட்டும் சத்தத்தை வைத்து அவன் பூட்ஸ் போட்டிருந்தானா என்றும் சொல்வார். பல்கலைக்கழகத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஐடெல்லா சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். அவர் சேர்த்து வைத்த நானூறு ரெக்கார்டும் அவளுக்கு ஒரே இரைச்சல்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் பட்டாணி உரித்துக்கொண்டே ரெக்கார்டு அறையைக் கடந்தவள், போகிற போக்கில் "சோளம் வேகுதாமே" என்று சொல்லித் தொலைத்தாள். லான்ஸோ ரெக்கார்டை நிறுத்தினார். அன்று பிடித்த சண்டை. ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டது. சமைக்கிறவர்கள் அவள் பக்கம், குடிக்கிறவர்கள் அவர் பக்கம்.

"இன்னிக்காவது ஒத்துக்க," என்றாள். "ஒரே ஒரு தடவை, நீ சொன்னது சரின்னு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்லுவே."

"ஆமா, சொல்லுவேன்தான்."

அவர் உதட்டோரம் சிரித்தார். விரலைச் சுழற்றி இன்னொரு தடவை போடச் சொன்னார். அவள் போட்டாள். வரி வந்தது, போனது.

"சோளம்," என்றாள்.

பதில் இல்லை. யோசிக்கிறார் என்று நினைத்துக் காத்திருந்தாள். பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் டொக் டொக்கென்று தட்டும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, அவருடைய திறந்திருந்த வாயை இதமாக மூடினாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. லான்ஸோவின் தங்கை வில்லா மே பொரித்த கோழியும் கீரையும் கொண்டுவந்து, அடுப்படியைக் கைப்பற்றிக்கொண்டு, அழுதுகொண்டே ரொட்டி சுட்டாள். ஐடெல்லாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்காமல் போய்விட்டாரே.

"ஒத்துக்காமலே போயிட்டான் மனுஷன்," என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று அவர்கள் கையைத் தட்டிக்கொடுத்தார்கள்.

நாலு மணிக்கு ஹோஸியா வந்தார். லான்ஸோவோடு முப்பத்தைந்து வருஷம் மவுத் ஆர்கன் வாசித்தவர். அக்குளில் தலையணை உறைக்குள் எதையோ வைத்திருந்தார். ரெக்கார்டு அறைக்குள் போய், ஐடெல்லாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சிஸ்டர், மொதல்ல உக்காரு. இதை அவன் செத்த அன்னிக்குத்தான் குடுக்கணும்னு சத்தியம் வாங்கியிருக்கான். என்மேல கோவிச்சுக்காதே."

உறைக்குள் ஒரு ரெக்கார்டு இருந்தது. லேபிளில் பேர் இல்லை, கையால் எழுதிய எண் மட்டும்.

"அந்தக் காலத்துல ஒரு பாட்டை ரெண்டு தடவை பாடவெச்சுப் பதிவாங்க," என்றார் ஹோஸியா. "நல்லா வந்ததை விப்பாங்க, மத்ததைத் தூக்கிப் போட்ருவாங்க. உங்க வீட்டுல இருக்கிறது ரெண்டாவது. இது மொதல்ல பாடினது. உலகத்துல இது ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னான். ஹெலினா ஊர்ல ஒரு கிழவி இதைக் கோழிக்கூண்டுக்கு மூடியா வெச்சிருந்தா."

ஊசியை வைத்தார். இரைச்சல் அதிகமில்லை. லெமுவல் பேட்ஸ் அன்று பல் விளக்கிவிட்டு வந்தவன் மாதிரி தெளிவாகப் பாடினான். அடுப்பு மேல சோளம் வேகுது.

ஐடெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். கரண்டியோடு ஓடிவந்த வில்லா மே கதவைத் திறந்து பார்த்து, "அழு தாயி, நல்லா அழு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாத்திக்கொண்டு போனாள்.

"இது எப்ப கெடைச்சுது அவனுக்கு?"

"அம்பத்தெட்டுல."

"இருபத்தாறு வருஷமா?" அவள் சிரிப்பு நின்றது. "தெரிஞ்சே இருபத்தாறு வருஷம் என்னோட மல்லுக்கு நின்னானா?"

ஹோஸியா தன் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "நானும் திட்டினேன். அவகிட்ட தோத்தா என்ன கொறைஞ்சா போயிடுவேன்னு கேட்டேன். அதுக்கு அவன், 'இத்தனை ரெக்கார்டுல இந்த ஒண்ணுக்குத்தான் அவ வந்து என் பக்கத்துல உக்கார்றா. ஒத்துக்கிட்டேன்னு வையி, எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவா'ன்னான்."

ஐடெல்லா ரெக்கார்டை எடுத்து, தன் கவுன் நுனியால் துடைத்து, தலையணை உறைக்குள் போட்டு அவரிடமே நீட்டினாள்.

"உன் வீட்டுலயே இருக்கட்டும். இங்க இருந்தா யாராவது போட்டுக் கேட்ருவாங்க."

"சனிக்கிழமை அடக்கத்துல நான் பாடணுமே. எந்த வார்த்தையைப் பாட?"

"சோகம்னே பாடு."

"சிஸ்டர், நீதான் ஜெயிச்சிருக்கே."

"சொன்னதைச் செய் ஹோஸியா."

சனிக்கிழமை சர்ச்சுக்குள் அந்தப் பாட்டு கூடாது என்று போதகர் ஸ்டோக்ஸ் சொல்லிவிட்டார். "கல்லறைத் தோட்டத்துல பாடிக்கோங்க. வெயில்ல எனக்குக் கொஞ்சம் காது மந்தமாயிடும்," என்றும் சொன்னார்.

பெட்டியைக் குழிக்கு மேல் வைத்ததும் ஹோஸியா முன்னால் வந்தார். மவுத் ஆர்கனைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் பாடினார். அடுப்பு மேல சோகம் வேகுது, வீட்டுல யாருமில்ல.

காகித விசிறிகள் சட்டென்று நின்றன. விதவையை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன பாடுகிறான்? பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வில்லா மேக்குப் பொறுக்கவில்லை. செத்தது சொந்த அண்ணன் என்றாலும் நியாயம் நியாயம்தானே. ப்ளூஸில் முதல் வரியை இரண்டு தடவை பாடுவார்கள். இரண்டாம் தடவை வந்தபோது வில்லா மே எழுந்து நின்று "சோளம்" என்று உச்சத்தில் எடுத்தாள். பாடகர் குழுவே அவள் பின்னால் எழுந்தது. ஆண்கள் விடுவார்களா, "சோகம்" என்று பதிலுக்கு முழங்கினார்கள். போதகருடைய உதடும் அசைந்தது. அவர் சோள ரொட்டிப் பிரியர்.

ஐடெல்லா எழுந்தாள். பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் வெள்ளைக் கையுறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷம் சர்ச்சில் பாடிய குரலில், "சோகம்" என்று பாடினாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று வில்லா மே அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நாங்க உனக்காகத்தான் கத்துறோம்."

"கத்துங்க, கத்துங்க," என்றாள் ஐடெல்லா. "விட்றாதீங்க."

ஓக் மரத்தடியில் குழி வெட்டிய இருவர் மண்வெட்டியில் சாய்ந்து நின்றிருந்தார்கள். ஒருவன் மற்றவனிடம் ஏதோ சொன்னான். அவன் இல்லை என்று தலையாட்டி, கையை விரித்து, ஒரு சட்டியை அடுப்பில் ஏற்றுவதுபோலச் செய்து காட்டினான்.