பூனைக்குப் பின்னால் ஒரு சதுப்பு

நதீஷாவுக்கு வந்த கோபத்தில் வெள்ளவத்தை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு நொறுங்காமல் தப்பியது பெரிய காரியம்.

"இது நல்ல செய்திதானே பிள்ளை," என்றார் உமாசுதன். சதுப்பு நிலங்களைக் காக்கும் சிறிய அறக்கட்டளை ஒன்றின் இயக்குநர் அவர். அவள் அங்கே கள அலுவலர். "மீன்பிடிப் பூனையைப் பிடிச்சாச்சு. நாளைக்குத் தூரத்துச் சரணாலயத்துக்குக் கொண்டு போகினம். முழுச் செலவும் கம்பனிக்காரர் குடுக்கினம். இனி எங்கட பூனை பத்திரம்."

"பூனை பத்திரம் சேர். சதுப்பு?"

உமாசுதன் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

கம்பனி என்றால், மட்டக்குளிச் சதுப்பை ஒட்டி அடுக்குமாடி கட்ட வந்த கம்பனி. வருடக்கணக்காக ஒரு லொறி மண்கூட அவர்களால் உள்ளே கொட்ட முடியவில்லை. குறுக்கே நின்றது அந்தச் சதுப்பில் மீன் பிடித்து வாழும் அரிய காட்டுப் பூனை. பூனையைக் குறுக்கே நிறுத்தியவள் நதீஷா. நண்டுக்கும் நத்தைக்கும் கோரைப்புல்லுக்கும் பரிந்துகொண்டு எவரும் தெருவில் இறங்க மாட்டார்கள். வடிவான முகம் ஒன்றை முன்னால் விட்டால் மற்றதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் பிழைத்துக்கொள்ளும். அவள் கணக்குத் தப்பவில்லை. கொட்டாஞ்சேனையில் அந்தப் பூனையின் படம் ஒட்டாத திரீவீலரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வராமல் குடித்து வைத்திருந்தது சதுப்பு. சனம் கொண்டாடியது என்னவோ பூனையை.

வீட்டில் அம்மா யோசெப்பின் விஷயத்தைக் கேட்டுவிட்டு மீன் கழுவிய கையோடு நின்றாள்.

"பூனையை எப்ப திருப்பிக் கொண்டாருவாங்க?"

"கொண்டுவர மாட்டாங்க மம்மி."

"அது என்ன கதை? மாதா சொரூபம் ரோட்டு சுத்தப் போனா திரும்பக் கோயிலுக்குத்தானே வரணும்?"

நதீஷா நிமிர்ந்தாள். குளிர்சாதனப் பெட்டியில் அவள் செய்த போஸ்டர் ஒட்டியிருந்தது. பெரிய பூனை முகம், சுற்றிவர வெள்ளை. பின்னால் இருந்த கலங்கல் தண்ணீர் அசிங்கமாகத் தெரிகிறது என்று வெட்டி எறிந்தவள் அவளேதான். வெட்டி எறிந்த அந்தத் துண்டைத்தான் இப்போது கம்பனி கேட்கிறது. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் சதுப்பு ஓரத்தில் பந்தல், ஒலிபெருக்கி, பத்திரிகைக்காரர்கள், போஸ்டர் பிடித்த பள்ளிப் பிள்ளைகள். லொறியில் ஏற்றுவதற்கு முன்னால் படம் எடுக்கவென்று கூண்டைப் புல்லில் இறக்கி வைத்திருந்தார்கள். உள்ளே பூனை ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்து சீறியது. அதன் மூக்கில் கம்பி கிழித்த காயம்.

"பூனையின் தாய் இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்," என்றார் கம்பனி மேனேஜர், வாயெல்லாம் பல்லாக.

நதீஷா ஒலிவாங்கியை வாங்கினாள். "எல்லாரும் கூண்டுக்குப் பின்னுக்கு வந்து நில்லுங்க. பிள்ளைகளும்தான். கிட்ட வர வேணாம்." படத்துக்கு என்று நினைத்து எல்லோரும் நல்ல பிள்ளைகளாக வந்து நின்றார்கள். கூண்டின் கதவு சதுப்பைப் பார்த்தபடி இருந்தது.

"இந்தப் பூனையைக் காப்பாத்தச் சொல்லி நான் உங்ககிட்ட கேட்டேன். பிழையாக் கேட்டுட்டேன். இது சாப்பிடுற மீனையும், மீன் இருக்கிற தண்ணியையும், உங்க வீட்டுக்குள்ள வெள்ளம் வராமத் தடுக்கிற சதுப்பையும் சேர்த்துக் கேட்டிருக்கணும். இப்ப கேட்கிறேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து கதவை மேலே இழுத்தாள்.

"நதீஷா, வேண்டாம்!" என்று உமாசுதன் கத்தியபோது பூனை பாதித் தூரம் போய்விட்டது. கமராக்கள் சடசடத்தன. கோரை ஆடி அடங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களை அடக்க ஆசிரியைக்கும் மனம் வரவில்லை.

மேனேஜரின் பல் உள்ளே போயிருந்தது. "பூனையைத் தப்ப விட்டிட்டீங்க!"

"தப்ப விடல்ல. வீட்டுக்குப் போக விட்டேன். திரும்பப் பிடிக்க வாங்க, நானும் இங்கதான் நிப்பேன்."

அன்று பின்னேரமே வேலை போயிற்று. அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. அதைப் பெரிதாக அச்சடித்து, ஒரு கட்டுப் போஸ்டரோடும் பசை வாளியோடும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள் நதீஷா. யோசெப்பின் ஒன்றை உருவிப் பார்த்தாள். கலங்கல் தண்ணீர், கோரை, ஒரு கொக்கு, தூரத்தில் மட்டக்குளிக் கூரைகள்.

"பூனை எங்க மகள்?"

நதீஷா கோரைக்குள் மறையும் வால் நுனியைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தா இருக்கு. இனிக் கம்பனிக்குப் பூனை வேணுமெண்டா, இவ்வளவையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போகட்டும்."